விமானம் திரும்ப மேலே ஏறினால் திட்டாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்தால் போதும், புதுச்சேரி, கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வகை வீடியோ ஒன்று வந்துவிடும். மழையில் இறங்கும் விமானம், தடாலென்று தரையில் மோதும் சக்கரம், உள்ளே அலறல். அடியில் ஒரே தீர்ப்பு: "பைலட்டுக்கு லேண்டிங் தெரியல." இறங்காமல் மேலே ஏறிப் போன விமானத்துக்கும் இதே தீர்ப்புதான். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நாள். மீனம்பாக்கத்தில் ஒரு ஏர்பஸ் ஓடுதளத்தின் மேல் காற்றில் தள்ளாடிவிட்டு, மறுபடி மேலே ஏறியது. அந்தக் காற்றில் இறங்கப் பார்த்திருக்கலாமா என்பது வேறு கேள்வி. ஏறியது சரி. நூறு முறை கேட்டாலும் சரி. அதன் பெயர் கோ அரவுண்ட். ஒவ்வொரு விமானியும் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகும் சாதாரண வேலை அது.

ஹார்டு லேண்டிங், அதாவது தரையில் பலமாக இடித்து இறங்குவது, ஓடுதளத்தில் தொடங்குவதில்லை. ஆயிரம் அடி உயரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஜெட் விமானம் மூன்று டிகிரி சரிவில் இறங்கும். 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கி.மீ.) வேகத்தில் வந்தால் நிமிடத்துக்குச் சுமார் 700 அடி இறக்கம். மேகமும் மழையும் இருந்தால் 1,000 அடி உயரத்துக்கு வருவதற்குள், வானம் தெளிவாக இருந்தால் 500 அடிக்கு வருவதற்குள் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும்: சக்கரம் வெளியே, ஃப்ளேப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே விரியும் தகடு) முழுசாக, வேகம் குறித்த அளவில், இறக்கம் நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேல் போகாமல், என்ஜின் அதற்கேற்ற விசையில், செக்லிஸ்ட் முடிந்து. ஒன்று குறைந்தாலும் ஏற வேண்டியதுதான். "கீழே போவதற்குள் சரிசெய்துவிடலாம்" என்ற நினைப்புக்கு அங்கே இடமில்லை.

அந்த நினைப்பு என்ன செய்யும்? உயரமும் வேகமும் கூடிப்போன விமானத்தைக் கீழே கொண்டுவர என்ஜினை ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) வைத்து மூக்கை இறக்குவார்கள். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கினால் விசை இருக்காது. ஐடிலிலிருந்து என்ஜின் முழு வேகம் பிடிக்க எட்டு விநாடி வரை ஆகலாம். நிமிடத்துக்கு 1,000 அடி இறங்கும் விமானம் அதற்குள் 130 அடி கீழே போயிருக்கும். கண்ணாடியில் வழியும் மழைநீர் வேறு, நிஜ உயரத்தைவிட மேலே இருப்பதுபோல் காட்டும். மழை மேகத்திலிருந்து கீழே பாயும் காற்று அழுத்தினால் கேட்கவே வேண்டாம். அப்புறம் தரையில் இடிதான். இடித்து எம்பிய விமானத்தின் மூக்கை அமுக்கினால் மூக்குச் சக்கரம் முதலில் அடிக்கும். இரண்டாவது இடி முதலாவதைவிட மோசமாக இருக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள். மழையில் பூப்போல இறக்கினால்தான் நல்ல விமானி என்று நினைக்காதீர்கள். டயர் காற்றழுத்தம் 200 பிஎஸ்ஐ என்றால், தேங்கிய நீரில் சுமார் 127 நாட்டுக்கு மேல் டயர் நீர்ப்படலத்தின் மேல் வழுக்கலாம். ஜெட் இறங்கும் வேகம் பெரும்பாலும் அதற்கு மேலேதான். அதனால் நனைந்த ஓடுதளத்தில் அழுத்தமாக இறக்குவார்கள். நீரைக் கிழித்துச் சக்கரம் சுழல வேண்டும், ஸ்பாய்லர் (இறக்கையின் மேல் எழும்பி விமானத்தைத் தரையோடு அமுக்கும் தகடு) விரிய வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். அதை ஹார்டு லேண்டிங் என்று குழப்பாதீர்கள். வழக்கமாகச் சக்கரம் தரையைத் தொடுவது விநாடிக்கு இரண்டு மூன்று அடி இறக்கத்தில். அதிகபட்சத் தரையிறங்கு எடையில் விநாடிக்குப் பத்து அடி வரை தாங்கும்படி விமானத்தை வடிவமைக்கிறார்கள்.

மெதுவாக இறக்குகிறேன் என்று மிதந்துகொண்டே போனால் ஒவ்வொரு விநாடியும் எழுபது மீட்டர் ஓடுதளம் வீணாகும். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு, மழை, பின்காற்று: ஓடுதளத்தில் ஏறக்குறைய பாதி கடந்த பிறகுதான் சக்கரம் தொட்டது. 21 பேர் இறந்தார்கள். 2010 மே 22, மங்களூரில் மழை இல்லை. அங்கும் உயரமும் வேகமும் அடங்காமலே இறங்கிய நிலைகொள்ளாத அணுகல்தான். துணை விமானி கோ அரவுண்ட் என்று சொல்லியும் தொடர்ந்து இறங்கினார்கள். 158 உயிர். துணை விமானியாக இருக்கும் தம்பி தங்கைகளே, அந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். கேப்டன்களே, காதில் விழுந்ததும் ஏறிவிடுங்கள்.

நம் புதுச்சேரி விமான நிலையத்தின் லாஸ்பேட்டை ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களுக்கு உரியது. மழையில் விமானம் அங்கே இறங்காமல் வேறு ஊருக்குத் திரும்பினால் கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணிடம் சண்டை போடாதீர்கள்.

பெல்ட்டை வயிற்றில் போடாமல் இடுப்பெலும்பில், தாழ்வாக, இறுக்கிப் போடுங்கள். லேப்டாப் பையை மடியில் வைக்காதீர்கள். காலைத் தரையில் ஊன்றுங்கள். வெளியேறச் சொன்னால் பையைத் தொடவே தொடாதீர்கள். 2019 மே மாதம் மாஸ்கோவில் இடித்து எம்பித் தீப்பிடித்த விமானத்தில் 41 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் சிலர் கையில் பையோடு இறங்கினார்கள். பின்னால் நிற்பவருக்கு அந்த நொடிதான் உயிர். பலமாக இடித்த பிறகு முதுகோ கழுத்தோ வலித்தால், வீட்டுக்குப் போய்த் தைலம் தேய்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அங்கேயே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள், தண்டுவட எலும்பு நசுங்கியிருக்கலாம். வயதானவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

இடித்த விமானத்தைச் சோதிக்காமல் அடுத்த பயணத்துக்கு விடமாட்டார்கள். பதிவுக் கருவியின் எண்களைப் பார்த்து, சக்கரத் தூண், இறக்கை இணைப்பு, உடற்தகடு என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். நீங்கள் அடுத்த பயணத்துக்குக் காத்திருப்பவராக இருந்தால் மூன்று மணி நேரமோ ஆறு மணி நேரமோ ஆகட்டும், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.