மணிக்கட்டு: சொல்லும் எலும்பும்

மணிக்கட்டு எது என்று கேட்டால் யாரும் வாட்ச் கட்டும் இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். சுண்டுவிரல் பக்கமாக, புறங்கைக்குச் சற்று மேலே உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பைத் தொட்டு, "இதுதான் மணிக்கட்டு எலும்பு" என்பவர்களும் உண்டு. உடற்கூற்றியல்படி அந்த உருண்டை மணிக்கட்டு எலும்பே அல்ல. முன்கையில் இருக்கும் இரண்டு நீள எலும்புகளில் ஒன்றான அல்னாவின் கீழ்முனை அது. வாட்ச் பட்டையும் வளையலும் கிடப்பது பெரும்பாலும் முன்கை எலும்புகளின் மேல்தான். மருத்துவர்கள் மணிக்கட்டு எலும்புகள் என்று சொல்லும் எட்டு எலும்புகளும் அதைத் தாண்டி, விரல்களை நோக்கி, உள்ளங்கையின் அடிப்பகுதிக்குள் இருக்கின்றன.

இந்த இட வித்தியாசம் எப்படி வந்தது என்பதற்குச் சொல்லிலேயே விடை இருக்கிறது. மணிக்கட்டு என்பது மணி, கட்டு என்ற இரண்டும் சேர்ந்த சொல். மணிகளைக் கோத்துக் கட்டிக்கொள்ளும் இடம். சமஸ்கிருதத்தில் இதே அமைப்பில் மணிபந்தம் என்ற சொல் இருக்கிறது. பந்தம் என்றாலும் கட்டுதான். தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட மணிகட்டு என்றே சொல்கிறார்கள். துருத்தி நிற்கும் அந்த உருண்டை எலும்பு மணிபோல இருப்பதால்தான் இந்தப் பெயர் என்று சிலர் விளக்குவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது பொருந்தாது. எலும்புதான் மணி என்றால், கட்டு என்ற பாதிக்கு வேலை இல்லாமல் போய்விடும். ஆடையும் அணியும் சார்ந்து பிறந்த பெயர் இது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதும், கல்யாணத்தில் கங்கணம் கட்டுவதும் இதே இடத்தில்தான்.

ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை மணிபந்தத்தை ஒரு வர்ம இடமாகவே எண்ணுகிறது. வர்மங்களை அவற்றின் விளைவைக் கொண்டு பிரிக்கும்போது, வலி தரும் வர்மங்களின் கூட்டத்தில் இதைச் சேர்க்கிறது. மணிக்கட்டில் அடிபட்டு மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் அந்த வகைப்பாட்டை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

தமிழில் இதைவிடப் பழைய ஒரு சொல் உண்டு. இறை. கடவுள், அரசன், வரி என்றெல்லாம் பொருள் தரும் அதே எழுத்துதான். ஆனால் உடலைப் பற்றிப் பேசும்போது இறை என்றால் மூட்டுவாய், குறிப்பாக முன்கை முடியும் சந்து. திருக்குறளில் 1157ஆவது குறள் இது:

"துறைவன் துறந்தமை தூற்றாகொல் முன்கை
இறைஇறவா நின்ற வளை."

தலைவன் பிரிந்த செய்தியை, முன்கையின் இறையைவிட்டுக் கழலும் வளையல்களே ஊருக்குச் சொல்லிவிடாதா என்கிறாள் தலைவி. இறை என்ற பெயரும் இறத்தல் என்ற வினையும் அடுத்தடுத்து வருகின்றன. இங்கே இறத்தல் சாவைக் குறிக்கவில்லை. எல்லையைக் கடத்தல் என்பது அதன் பொருள். வளையல் மூட்டைக் கடந்து இறங்குகிறது என்பதைத்தான் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் காட்சியைக் கையை வைத்துப் பார்த்தால் வள்ளுவர் எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார் என்பது தெரியும். வளையலைப் பிடித்து நிறுத்துவது கையின் ஒடுங்கிய பகுதி இல்லை. அதற்குக் கீழே விரியும் உள்ளங்கையும் கட்டைவிரலின் அடியும்தான். வளையல்காரர் அளவு வளையலை ஏற்றும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து, கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கமாக உள்ளே அமுக்குவார். கட்டைவிரலின் அடிமூட்டு குதிரைச் சேணம்போல வளைந்த இரண்டு பரப்புகள் பொருந்தியது. அதனால்தான் விரல் அவ்வளவு தூரம் மடங்கிக் கொடுக்கிறது, உள்ளங்கையின் அகலமும் குறைகிறது. பிறகு கை தளர்ந்து விரிந்ததும் வளையல் கழலாது. தானாகக் கழல வேண்டுமானால் சதை அந்த அளவுக்கு வற்ற வேண்டும். தலைவியின் மெலிவுக்கு வளையலைச் சாட்சி வைத்தது சும்மா இல்லை.

சரி, இனி எலும்புகளுக்கு வருவோம். மருத்துவ லத்தீனில் இந்தப் பகுதிக்கு கார்பஸ் என்று பெயர். கிரேக்கத்தில் கை மூட்டைக் குறித்த கார்போஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ரிஸ்ட் வேறு வேரிலிருந்து, திருகுதல் என்ற பொருளில் பிறந்தது. ஆனால் உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும்போது திருகுவது மணிக்கட்டு இல்லை. முன்கையின் மற்றொரு நீள எலும்பான ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்கே புரள்கிறது. மணிக்கட்டு மேலும் கீழும் மடங்கும், பக்கவாட்டில் சாயும்.

ஒரு கையில் மணிக்கட்டு எலும்புகள் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14, ஆக 27. இரண்டு கைக்கும் 54. உடம்பில் மொத்தம் 206 என்று வைத்தால் கால்வாசிக்கு மேல் கைகளிலேயே இருக்கிறது. அந்த எட்டுக்கும் பழைய உடற்கூற்றியலார் வடிவத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள்: படகு, பிறை, முக்கோணம், பட்டாணி, மேசை (இரண்டு எலும்புகளுக்கு), தலை, கொக்கி என்று. அதனால் தமிழாக்குவது எளிது. ஸ்கேஃபாய்டு படகெலும்பு, லூனேட் பிறையெலும்பு, பிசிஃபார்ம் பட்டாணி எலும்பு, கேப்பிடேட் தலையெலும்பு, ஹேமேட் கொக்கியெலும்பு. இவற்றில் பட்டாணி எலும்பைத் தோலுக்கு மேலேயே தொட்டுப் பார்க்கலாம். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டு மடிப்பை ஒட்டிக் கெட்டியாக ஒரு உருண்டை தட்டுப்படும். உண்மையான மணிக்கட்டு எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் இந்த எட்டில் ஒன்றும் தெரியாது. எல்லாம் குருத்தெலும்பாகவே இருக்கும். முதல் சில மாதங்களில் தலையெலும்பும் கொக்கியெலும்பும் தெரிய ஆரம்பிக்கும். பட்டாணி எலும்பு கடைசியாக, ஒன்பது பத்து வயதை ஒட்டி வரும். குழந்தையின் எலும்பு வயதை மதிப்பிட மருத்துவர்கள் கையை எக்ஸ்ரே எடுப்பது இதனால்தான்.

இந்த எட்டில் எல்லோரும் பெயர் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது படகெலும்பு. பைக்கிலிருந்தோ படியிலிருந்தோ விழும்போது நாம் கையைத்தான் ஊன்றுகிறோம். அப்போது இந்த எட்டில் அடிக்கடி முறிவது இதுதான். கட்டைவிரலை நன்றாக மேலே நீட்டிப் பிடித்தால், அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். ஒரு காலத்தில் மூக்குப்பொடியை அந்தக் குழியில் வைத்து உறிஞ்சினார்கள். மருத்துவத்திலும் அதை மூக்குப்பொடிக் குழி என்றே சொல்கிறார்கள். அந்தக் குழியின் தரையில் படகெலும்பு இருக்கிறது. விழுந்த பிறகு அங்கே அமுக்கினால் வலித்தால், "வெறும் சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடக் கூடாது. முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து உள்ளே நுழைந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு இரத்தம் கிடைக்காமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. வலியை வாட்ச் கட்டும் இடத்தில் தேடிக்கொண்டிருப்பவர் இந்தக் குழியைத் தொட்டே பார்க்க மாட்டார். அதனால்தான் சொல் குறிக்கும் இடத்தைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம் கார்பல் டனல். இன்றைக்கு மணிக்கட்டைப் பற்றி அதிகம் பேசவைப்பது இதுதான். எட்டு எலும்புகளும் சேர்ந்து உள்ளங்கைப் பக்கம் ஒரு குழிவை உண்டாக்குகின்றன. அதன் மேல் ஒரு தடித்த நார்ப்பட்டை கூரையாகக் கிடக்கிறது. இடையிலுள்ள வழியில் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. இடம் நெருக்கமானால் முதலில் நசுங்குவது நரம்புதான். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்துப்போகும். ராத்திரி தூக்கத்தில் விழித்துக் கையை உதறத் தோன்றும். சுண்டுவிரல் தப்பிக்கும், ஏனென்றால் அதன் நரம்பு இந்த வழியாக வருவதில்லை. கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களுக்கு மட்டுமே வரும் நோய் என்று நினைப்பது சரியில்லை. கர்ப்பம், சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, முடக்குவாதம் எல்லாம் இதற்குக் காரணமாகலாம்.

இதற்கு மணிக்கட்டுக் குகை, மணிக்கட்டுச் சுரங்கம் என்ற பெயர்கள் புழங்குகின்றன. குகை ஒரு பக்கம் மூடியிருக்கும், சுரங்கம் என்றால் தோண்டி எடுத்தது. எனக்குப் பிடித்தது மணிக்கட்டுப் புழை. உள்ளே வழி உள்ள எதையும் தமிழ் புழை என்கிறது. யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பழைய பெயரே உண்டு.

மற்ற பெயர்களைப் பார்த்தால், உள்ளங்கை எலும்புகளை அங்கையெலும்பு என்பது போதும். அகம், கை இரண்டும் சேர்ந்தது அங்கை. அதன்மேல் இன்னொரு உள் சேர்த்து உள்ளங்கை ஆக்கினோம். முன்கை எலும்புகளை இலங்கைத் தமிழில் ஆரை, அரந்தி என்கிறார்கள். ரேடியஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சக்கரத்தின் ஆரக்கால் என்றும் பொருள். ஆரை அதற்கு நேராக நிற்கிறது. இலங்கையில் மருத்துவத் தமிழுக்கு நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து, உடற்கூற்றியல் நூல்களையும் தமிழாக்கினார்.

மணிக்கட்டு என்ற சொல்லை மூட்டுக்கே வைத்துக்கொள்ளலாம். கார்பஸ் என்று வரும் இடத்தில் மணிக்கட்டு எலும்புகள் என்று எலும்பைச் சேர்த்தே எழுத வேண்டும். வெளியே துருத்தும் அந்த உருண்டைக்கு அரந்தித் தலை என்பதே சரியான பெயர்.