அணில் திரும்பினாலும் அணில்தான், அ திரும்பினால்?

“மகளுக்கு ஐந்து வயது. அணில் படம் போட்ட அட்டையைக் காட்டித்தான் அ சொல்லிக்கொடுத்தேன். அணில் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் சட்டென்று சொல்லிவிடுகிறாள். அ-வை மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பித் திருப்பி எழுதுகிறாள். ஏதாவது குறையா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

குறை எதுவும் இல்லை. அணிலை அடையாளம் காட்டும் அதே திறமைதான் அ-வைத் திருப்பிப் போடவும் வைக்கிறது.

கண்ணில் விழும் ஒளி விழித்திரையில் மின்குறிப்பாகி மூளையின் பின்புறம் போகும் கதை பள்ளியிலேயே படித்ததுதான். அங்கிருந்து அது மூளையின் அடிப்பகுதி வழியாக முன்னோக்கி வரும்போதுதான் ‘இது என்ன?’ என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. முகம், விலங்கு, பொருள் எல்லாம் அடையாளம் காணப்படுவது இந்தப் பாதையில்தான். எழுத்து தோன்றி ஐந்தாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று தனி உறுப்பு பரிணமிக்க அந்தக் காலம் போதாது. ஆகவே எழுத்து இந்தப் பாதையின் இடப்பக்கத்தில், ஏற்கெனவே பிற உருவங்களைக் கவனித்துவந்த இடத்தில் குடியேறுகிறது என்கிறார் பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பெரியவர்களான பிறகு கற்றவர்கள், சிறுவயதிலேயே கற்றவர்கள் ஆகியோரின் மூளைகளை அவருடைய குழு ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வாசிக்கக் கற்றவர்களிடம் இந்த இடம் எழுத்துகளுக்கு வலுவாகத் துடித்தது.

குடிவந்த வீட்டுக்கு ஒரு பழைய சட்டம் உண்டு. காட்டில் புலி இடமிருந்து வந்தாலும் வலமிருந்து வந்தாலும் புலிதான். இரண்டையும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டிருந்த விலங்கு பிழைத்திருக்காது. அதனால் ஓர் உருவத்தை ஒருமுறை பார்த்தாலே அதன் கண்ணாடி பிம்பமும் இலவசமாகப் பதிவாகிவிடுகிறது. குரங்குகளின் மூளையில் தனித்தனி நரம்பணுக்களையே அளந்து பார்த்து 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. உருவத்தைத் தலைகீழாக்கினால் வேறுபடுத்திய அணுக்கள், இடவலமாகத் திருப்பினால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பதிலளித்தன. எவ்வளவு அழகான சிக்கனம்! எழுத்து ஒன்றுதான் இந்தச் சிக்கனத்தை ஏற்பதில்லை. வாசிக்கக் கற்கும் குழந்தை புதிதாக ஒன்றைக் கற்பதோடு, பல கோடி ஆண்டுப் பழக்கம் ஒன்றை அந்த ஒரு மூலையில் மட்டும் மறக்கவும் வேண்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் b-யைத் திருப்பினால் d. தமிழில் அப்படி ஒன்றின் பிம்பமே இன்னொன்றாகும் இணை இல்லை. அப்படியானால் தமிழ் மட்டும் படித்தவர் அந்தப் பழக்கத்தை மறக்க வேண்டிய தேவை என்ன? எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழர்களிடமே இதைச் சோதித்து 2003-இல் எழுதினார். ஓர் உருவத்தையும் அதன் பிம்பத்தையும் ‘ஒன்றே’ என்று எடுத்துக்கொள்வதில், தமிழ் மட்டும் படித்தவர்கள் எழுத்தறியாதவர்களைப் போலவே இருந்தார்கள். பிரித்துப் பார்த்தவர்கள் ஆங்கில எழுத்தும் கற்றவர்கள். நம் எழுத்தைப் பற்றிய இப்படியொரு கேள்வி வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. நடுமூளையைத் தூண்டிக் கண்ணைக் கட்டியபடி படிக்கவைக்கிறோம் என்னும் மோசடி வகுப்புகளில் பெற்றோர் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு இத்தகைய ஆய்வுக்குப் போனால்கூடப் போதும்.

சரி, அட்டைக்கு வருவோம். படம் எழுத்துக்குப் பக்கத்தில் நிற்பதால் பெரிய பலன் இல்லை, குழந்தை படத்தைப் பார்த்தே சொல்லிவிடும். கல்வி உளவியலாளர் லின்னியா ஏரியும் (Linnea Ehri) உடன் ஆய்வாளர்களும் 1984-இல் காட்டியதுபோல, எழுத்தின் வடிவமே படத்துக்குள் இருந்தால்தான் எழுத்தும் ஒலியும் ஒட்டிக்கொள்கின்றன. எ-யின் சுழியைத் தலையாகவும் வளைவை முதுகாகவும் இறங்கும் கோட்டை வாலாகவும் வைத்து எலி வரையுங்கள். அந்த எலி எப்போதும் ஒரே பக்கம் பார்க்கட்டும்.

கூடவே கையால் எழுத வையுங்கள். கண்ணுக்கு இடவலம் ஒன்றாகத் தெரிந்தாலும், கை போகும் திசை ஒன்றல்ல. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் 2005-இல் பிரான்சில் நடந்த சோதனையில், விசைப்பலகையில் தட்டிக் கற்றவர்களைவிடக் கையால் எழுதிக் கற்ற பெரிய குழந்தைகளே எழுத்துகளை நன்றாக அடையாளம் கண்டார்கள்.

வாசகிக்கு: ஐந்து வயதில் இது சர்வசாதாரணம், திட்டாதீர்கள். எட்டு வயதிலும் தொடர்ந்து, வாசிப்பதிலும் தடுமாற்றம் இருந்தால் மட்டும் கற்றல் குறைபாட்டு வல்லுநரிடம் அழைத்துச் செல்லுங்கள்.