கொம்பு ஏன் இடம் மாறுகிறது?

"வேர்டில் ஒழுங்காக இருந்த கட்டுரையைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கொண்டுவந்து வைத்தால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா? எல்லாவற்றையும் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டவே வேண்டாம். கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது, அந்த எழுத்துகளை வரைந்து காட்டும் கை.

கணினிக்கு எழுத்து என்றால் எண் என்பது தெரிந்ததுதான். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதில் 'க' 2965. ஒற்றைக்கொம்பு 3014, துணைக்கால் 3006. சரி, 'கொ' எப்படி இருக்கும்? கொம்பு, க, கால் என்று மூன்று எண்களாக இருக்காது. 2965, அதற்குப் பின் 3018 என்று இரண்டே எண்கள்தான். முதலில் மெய்யைத் தரும் எழுத்து, பிறகு உயிர். அதாவது நாம் உச்சரிக்கும் வரிசை. கையால் எழுதும்போது கொம்பைத்தான் முதலில் போடுகிறோம். கோப்பில் அது பின்னால்தான் வருகிறது.

ஒலியின் வரிசையை எழுத்தின் வரிசையாக மாற்ற நடுவில் ஒருவர் வேண்டும். 'ஷேப்பிங் இன்ஜின்' எனப்படும் நிரல்தான் அவர். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 2965, 3018 வந்ததும் அது 3018ஐ இரண்டாக உடைக்கிறது: கொம்பு 3014, கால் 3006. கொம்பைத் தூக்கி 'க'வுக்கு முன்னால் வைக்கிறது. கால் இருந்த இடத்திலேயே நிற்கிறது. 'கு' என்றால் 'க'வையும் உகரக் குறியையும் எடுத்துவிட்டு, எழுத்துருவில் தனியாக வரைந்து வைத்திருக்கும் 'கு' வடிவத்தைப் போடுகிறது.

கொம்பை ஓர் இடம் முன்னால் தள்ளினால் போதும்தானே என்று தோன்றும். போதாது. 'அக்கொடி' என்ற சொல்லைப் பாருங்கள். கொம்பு 'க்'கைத் தாண்டி முன்னால் போகவில்லை. 'க்'குக்கும் 'க'வுக்கும் நடுவில் நிற்கிறது. 'க்ஷேமம்' என்பதிலோ கொம்பு 'க்'கையும் தாண்டி முன்னால் வந்துவிடுகிறது. இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே அமைப்பு: மெய், புள்ளி, மெய், உயிர்க்குறி. ஆனால் 'க்ஷ' ஒட்டி ஒரே எழுத்தாகும், 'க்க' ஒட்டாது. எது ஒட்டும், எது ஒட்டாது என்று தெரிந்த பிறகே கொம்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியும். நாம் யோசிக்காமல் செய்யும் இந்த வேலையை இயந்திரம் ஒவ்வோர் எழுத்துக்கும் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது வாசகரின் சிக்கலுக்கு வருவோம். வேர்டு இந்த இன்ஜினை எப்போதும் கேட்டுத்தான் வரைகிறது. இன்டிசைனில் வரிகளைக் கோக்கும் 'கம்போசர்' இரண்டு வகை. சாதாரண அடோபி பாராகிராஃப் கம்போசர், ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்காக வந்தது. எண் வந்த வரிசையிலேயே வடிவத்தைப் போடும். அதனால்தான் கொம்பு பின்னால் நிற்கிறது, 'கு'வின் வால் தனியாகத் தொங்குகிறது. பத்தியைத் தேர்ந்து, பாராகிராஃப் பலகையின் மெனுவில் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று மாற்றுங்கள். எல்லாம் ஒரு நொடியில் தன் இடத்துக்கு வந்துவிடும். பத்தி ஸ்டைலின் (பத்திக்கான அமைப்புகளைப் பெயரிட்டுச் சேமித்து வைக்கும் தொகுப்பு) ஜஸ்டிஃபிகேஷன் பகுதியிலேயே இதை அமைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை. ஸ்க்ரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் 1.6 பதிப்புக்கு மாறினால் போதும்.

அளவும் தடிமனும் மாறி வருவது வேறு கதை. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. திறந்து பார்த்தால் உள்ளே எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதிய கோப்புகள் இருக்கும். அதில் தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்துக்கும் எழுத்துரு, அளவு, தடிமன் மூன்றும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே வரியில் தமிழ் 11, ஆங்கிலம் 12 என்று இருக்க முடியும். கோப்பை வைக்கும்போது 'ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்' பெட்டியைத் தட்டி, வேர்டு ஸ்டைல்களை உங்கள் ஸ்டைல்களோடு இணைத்துவிடுங்கள். அப்புறமும் ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி தெரிந்தால், மேக்கில் ஆப்ஷன் விசையையும் விண்டோஸில் ஆல்ட் விசையையும் அழுத்திக்கொண்டு அந்தப் பெயரைச் சொடுக்கினால் வேர்டிலிருந்து ஒட்டிவந்த மிச்ச அமைப்புகளும் போய்விடும்.

இன்னொன்று என்னையே அலைக்கழித்தது. ஒரு புத்தகத்தின் மெய்ப்பில் 'கௌரவம்' என்ற சொல் வரிக்கடைசியில் பிளந்து, 'கெ' மேலேயும் 'ளரவம்' கீழேயுமாக வந்தது. எழுத்துருவை மாற்றினேன், கம்போசரை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் கர்சரை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தியபோதுதான் புரிந்தது. எழுதியவர் ஔகாரக் குறியைப் போடாமல், 'கெ' அடித்து அதன் பின் 'ள' அடித்திருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இயந்திரத்துக்கு அவை இரண்டு எழுத்துகள், நடுவில் வரியை உடைக்கலாம். இதைத் தேடிப் பிடித்து மாற்றும் வேலையை வேர்டிலேயே முடித்துவிடுவது நல்லது. ஆனால் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடாதீர்கள். 'வெள்ளம்' என்பதில் 'வெ'க்குப் பின் வருவது 'ள'தான். அதையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

இத்தனை தொல்லை எதற்கு, பழைய எழுத்துருவுக்கே மாற்றிவிடுங்கள் என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருதான் அதற்குத் தமிழ் வேடம் போடுகிறது. பார்க்க அம்மாவாக இருக்கும். தேடினால் கிடைக்காது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் படித்தால் உளறலாகக் கேட்கும். ஹார்ஃப்பஸ் என்ற திறமூல ஷேப்பிங் இன்ஜின்தான் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆஃபிஸ், புதிய ஸ்க்ரைபஸ் எல்லாவற்றிலும் நமக்குக் கொம்பு சுமக்கிறது. மொழி வளர்ச்சிக்கென்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட நிரல்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முந்நூறு பக்கத்தையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து வைப்பதற்கு முன், 'குழு, அக்கொடி, க்ஷேமம், கௌரவம்' என்று ஒரு வரி அடித்து வைத்துப் பாருங்கள். பிடிஎஃப் எடுத்து அதே வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியும் பாருங்கள். திரையில் சரியாக இருந்து ஒட்டும்போது குளறினால், குறை எழுத்துருவிலோ பிடிஎஃப் எடுத்த விதத்திலோ இருக்கலாம்.