மாய இயந்திரம் இல்லை, மெய்நிகர் கணினி

போன கிழமை யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள ஒரு கொம்பனியில கணினிச் சொத்துக் கணக்கெடுப்புக்கு உதவியாப் போயிருந்தன். ஆரோ தமிழில மாத்திக் குடுத்த படிவம், அதில ஒரு நிரலுக்கு மேல "மாய இயந்திரங்கள்" எண்டு போட்டுக் கிடக்கு. கணக்குப் பகுதித் தங்கச்சி ஒராள் சொத்து இலக்க ஸ்ரிக்கர் சுருளைக் கையில வைச்சுக்கொண்டு சேர்வர் றூமுக்குள்ள சுத்திச் சுத்திப் பாத்தா. "அண்ணை, உது எங்க நிக்குது, எதில ஒட்டுறது?" எண்டு கேட்டா. நான் மறுமொழி சொல்ல முதலே "மாயம் எண்டால் இல்லாததுதானே" எண்டிட்டு அந்த நிரல் முழுக்கக் கோடு இழுத்துவிட்டா. அந்தப் பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. சொல்லு அப்பிடித்தான் சொல்லுது. இங்கிலிசில வேர்ச்சுவல் மெசின் எண்டுறதைத்தான் அப்பிடி மாத்தியிருக்கினம், ஒரு சேர்வருக்குள்ள மென்பொருளால உண்டாக்கி ஓட்டுற கணினி அது. கணக்கெடுப்புக்கு இங்கிலிசில இன்வென்ரறி. இந்த "மாய இயந்திரம்" எண்டதை நான் எத்தினையோ இடத்தில கேட்டாச்சு, இனியும் பேசாமல் இருக்க ஏலாது.

வேர்ச்சுவல் எண்ட சொல் லத்தீன் விர்த்தூசில இருந்து வந்தது, வலிமை, ஆற்றல் எண்டு கருத்து. பெயரளவில அது இல்லாட்டியும் பலனளவில அதுதான் எண்டதுதான் வேர்ச்சுவலின்ர பொருள். மெசின் எங்களுக்குத் தெரிஞ்சதுதான். இன்வென்ரறியும் லத்தீன்தான், "கண்டுபிடி" எண்ட வினையில இருந்து வந்தது, தேடிக் கண்டதை எல்லாம் எழுதி வைச்ச பட்டியல்.

சரி, மாயம் எங்கால வந்தது? பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தில இருந்து. மெய் விம்பம், மாய விம்பம் எண்டு நாங்கள் எல்லாரும் படிச்சனாங்கள். அங்க அது சரியான சொல்தான், நான் குறை சொல்லேல்லை. தளவாடிக்குப் பின்னால முகம் இருக்கிற மாதிரித் தெரியிற இடத்தில ஒளிக்கதிர் ஒண்டும் உண்மையாச் சந்திக்கிறேல்லை, அந்த இடத்தில திரையைப் பிடிச்சால் ஒண்டும் விழாது. ஆனா சேர்வருக்குள்ள ஓடுற இந்தக் கணினிக்கு பிங் போட்டுப் பாருங்கோ, அதாவது நெற்வேர்க்கால கூப்பிட்டுப் பாருங்கோ, மறுமொழி வரும். அதுக்கு ஐபி முகவரி இருக்கு, றாம் தின்னுது, டிஸ்கில இடம் பிடிக்குது, லைசென்சுக்குக் காசு கேக்குது, வைரசும் பிடிக்கும். இதில எங்க மாயம்? ஒரு பாடத்தில பொருந்தின சொல்லை இன்னொரு பாடத்துக்கு அப்பிடியே தூக்கிக்கொண்டு வாறவை அந்தச் சாமானை ஒருக்கா எண்டாலும் கண்ணால பாத்திருக்கவேணும்.

இன்னுமொண்டு. எங்கட பேப்பரில "கடலுக்குச் சென்ற மீனவர் மாயம்" எண்டு தலைப்பு வந்தால் என்ன விளங்கும்? ஆளைக் காணேல்லை எண்டு. வீட்டில சாவி தொலைஞ்சாலும் "மாயமாப் போச்சு" எண்டுதான் சொல்லுறம். அப்ப மாய இயந்திரம் எண்டால் எங்கட காதுக்குக் காணாமல் போன இயந்திரம். கணக்கெடுக்கிற படிவத்தில, அதுவும் ஒண்டும் தவறக்கூடாது எண்டு செய்யிற வேலையில, இதைவிடப் பிழையான சொல் கிடைக்காது.

மெய்நிகர் எண்டு பாருங்கோ. மெய்க்கு நிகர். அசலில்லை, ஆனா அசலின்ர வேலையைச் செய்யும், வேர்ச்சுவலின்ர பொருள் இந்த ரெண்டு துண்டுக்குள்ள முழுசா வந்திட்டுது. "நிகர் எண்டால் சமன், இது சமனோ?" எண்டு ஒரு தமிழாசிரியர் என்னோட வாதாடினவர். சமன்தான் ஐயா. 1974 இல போப்பெக், கோல்ட்பேர்க் எண்ட ரெண்டு கணினி அறிஞர் வேர்ச்சுவல் மெசினுக்குக் குடுத்த வரைவிலக்கணமே, உண்மையான கணினியின்ர திறனுள்ள, தனிச்சு நிக்கிற இரட்டைப் பிரதி எண்டுதான் சொல்லுது. அதுக்கு முதலே, 1972 இல, ஐபிஎம் விஎம்/370 எண்ட இயக்க முறைமையை வெளிவிட்டது, ஒரே ஒரு பெரிய கணினியில கன பேர் இருந்து வேலை செய்ய ஒவ்வொருத்தருக்கும் தன்னட்டத் தனிக் கணினி இருக்கிற மாதிரி. கொரோனா நேரம் "மெய்நிகர் வழிக் கூட்டம்" எண்டு எல்லா அறிவித்தலிலையும் வந்து சொல்லும் பழகிட்டுது, பிறகேன் மாயத்தைப் பிடிச்சுத் தொங்குவான்?

இயந்திரம் எண்டதிலையும் எனக்கு உடன்பாடில்லை. அதே படிவத்தில ஜெனறேற்றரும் போட்டோக்கொப்பி மெசினும் இயந்திரத்துக்குக் கீழதான் கிடக்கு. நாங்கள் எண்ணுறது கணினியை, அப்ப மெய்நிகர் கணினி எண்டு எழுதுங்கோ. ஜாவா மாதிரி மொழிகளுக்குப் பின்னால ஓடுற வேர்ச்சுவல் மெசின் வேற சாதி, அது முழுக் கணினி இல்லை, அதை மெய்நிகர் பொறி எண்டு சொல்லலாம். இன்வென்ரறிக்கு "விவரப்பட்டியல்" எண்டு எழுதுகினம், அது எந்தப் பட்டியலுக்கும் பொருந்தும். சங்கக்கடையில கதவைச் சாத்திப்போட்டு "இருப்பெடுக்கிறம்" எண்டுவினமே, அந்த இருப்பெடுப்பு இருக்கேக்க வேற எதுக்கு?

உண்மையில இருப்பெடுப்பிலதான் கண்டுபிடிக்கிற பாடு இருக்கு. நெற்வேர்க்கை ஸ்கான் பண்ணேக்க மாக் முகவரி, அதாவது நெற்வேர்க் காட்டின்ர இலக்கம், 00:50:56 எண்டு தொடங்கினால் விஎம்வேர், 08:00:27 எண்டால் வேர்ச்சுவல்பொக்ஸ், 52:54:00 எண்டால் பெரும்பாலும் கேவிஎம், மூண்டும் மெய்நிகர் கணினி ஓட்டுற மென்பொருள். ஆனா மாக் முகவரி றவுற்றருக்கு அங்கால தெரியாது, ஆரும் மாத்தியும் வைக்கலாம், அதால உள்ளுக்குப் போய், கணினி தொடங்கேக்க முதல் ஓடுற பயோஸின்ர விவரத்தில தயாரிப்பாளர் ஆர் எண்டும் பாக்கோணும். நிப்பாட்டி வைச்சது பிங்குக்கு வாய் திறக்காது, அதைப் பிடிக்க ஹைப்பர்வைசரின்ர, அதாவது சேர்வரில மெய்நிகர் கணினிகளை உண்டாக்கி ஓட்டுற மென்பொருளின்ர, பட்டியல் வேணும். ஆரும் தன்ர லப்டொப்பில ஒரு மெய்நிகர் கணினியை நாற் போட்டு, அதாவது லப்டொப்பின்ர முகவரிக்குப் பின்னால மறைச்சு, ஓட்டினால் வெளியில லப்டொப்பின்ர ஐபி மட்டும்தான் தெரியும், அந்தப் பட்டியலிலையும் வராது, ஒவ்வொரு லப்டொப்பாத் திறந்துதான் பாக்கோணும்.

அந்தக் கொம்பனியிலையும் ஹைப்பர்வைசரைத் திறந்து பாத்தம். கோடு இழுத்த அந்த நிரலுக்குள்ள போகவேண்டிய ஒண்டு விண்டோஸ் சேர்வர் 2008, மைக்ரோசொப்ற் 2020 தை 14 ஓட வழமையான பாதுகாப்பு அப்டேற்றை நிப்பாட்டினது, இண்டைக்கும் சம்பளப் புரோகிராமை வைச்சு ஓட்டிக்கொண்டு நிக்குது. போன வருசக் கணக்கெடுப்பிலையும் அதே தலைப்பு, அதே கோடு. ஆரும் எண்ணேல்லை, அதால ஆரும் அப்டேற் பண்ணவும் இல்லை, மாத்தவும் இல்லை.

மொழிபெயர்க்கிற ஆக்களிட்ட எனக்கு இதுதான் மனவருத்தம். அகராதியைத் திறக்க முதல், அந்தப் படிவத்தை நிரப்பப் போற பிள்ளைக்குப் பக்கத்தில பத்து நிமிசம் நிண்டு பாருங்கோ. மெய்நிகர் கணினிக்குள்ள ஓடுற விண்டோஸ் மாதிரியான இயக்க முறைமையை இங்கிலிசில கெஸ்ற் ஓஎஸ் எண்டுறது, அதுக்கு விருந்தினர் இயக்க முறைமை எண்டு எழுதி வைச்சிருக்கினம், அந்தப் பிள்ளை அதுக்கு என்ன நிரப்பும்? உள் இயக்க முறைமை எண்டால் விளங்கியிருக்கும். ஹைப்பர்வைசரை நான் அப்பிடியே விட்டிட்டன், நல்ல சொல் வரும்வரைக்கும் கெட்ட சொல் வேண்டாம்.

படிவத்தைத் திரும்ப அடிச்சுக் குடுத்தன். நிரலுக்கு மேல "மெய்நிகர் கணினி", ஸ்ரிக்கர் இலக்கத்துக்குப் பதிலா அதின்ர யூயூஐடி எண்ட தனி அடையாள இலக்கம், பக்கத்தில அது ஓடுற சேர்வர்ப் பெட்டியின்ர சொத்து இலக்கம். தங்கச்சி வாசிச்சிட்டு, "அப்ப இது அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு, என்ன அண்ணை?" எண்டு கேட்டுக்கொண்டே முதல் வரியில சம்பளச் சேர்வரை எழுதினா.