பிக்கப் துள்ளுகிறதா? ஸ்பிரிங்கை மாற்றும் முன் அடியில் பாருங்கள்

போன மாசியில் ஒருவர் தன் டபுள் கேப் பிக்கப்பை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறார். வண்டி வாங்கி நாலு வருடம். "எனக்க முதுகு ஒடியுது அண்ணே. பின்னாலே ஸ்பிரிங்கை மாத்தி நல்ல சாஃப்டா ஒண்ணு போட்டுத் தாங்க" என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். மலை ஏறும்போதெல்லாம் பின் சீட்டில் இருக்கும் சின்ன மகள் வாந்தி எடுக்கிறாளாம். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றார்.

அவருக்கும் அப்போது தலைவலி வருமா என்று கேட்டேன். வருமாம். வெயில் என்று நினைத்திருக்கிறார்.

வண்டியை லிஃப்டில் ஏற்றினோம். வலதுபக்கப் பின் ஷாக் அப்சார்பர் முழுக்க எண்ணெய் வடிந்து அதில் மண் அப்பியிருந்தது. பின் ஸ்பிரிங் பட்டைகளைச் சேஸோடு இணைக்கும் ஷாக்கிளின் ரப்பர் புஷ் ஊதிப்போய் வெடித்திருந்தது. சைலன்சரைத் தாங்கும் ஹேங்கர் ரப்பரில் இரண்டு அறுந்து, குழாய் சேஸில் இடித்துக்கொண்டிருந்தது. முன்பக்கம், டிரைவர் கால் வைக்கும் தளத்துக்கு நேர் கீழே, புகைக்குழாயின் நடுவே வளைந்து கொடுக்கும் பெல்லோஸ் குழாயில் ஒரு விரிசல். அதிலிருந்து தரைத்தகட்டை நோக்கி விசிறிபோலக் கரி படிந்திருந்தது. அந்தக் கரியை விரலால் தொட்டு அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

புஷ்ஷின் கதையைப் பிறகு சொல்கிறேன். மற்ற மூன்றும் தனித்தனிக் கோளாறுகள் அல்ல. ஷாக் செத்தது. அதனால் பின் ஆக்சில் அடங்காமல் குதித்தது. அந்த அதிர்வில் ஹேங்கர் ரப்பர் அறுந்தது. தொங்கிய சைலன்சரின் எடை முழுக்கப் பெல்லோஸில் விழுந்து அது கிழிந்தது. பிறகு புகை, தரையிலுள்ள ஒயர் துளைகள் வழியாக உள்ளே ஏறியது. அவர் கேட்டபடி ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால், கிழிசல் அப்படியேதான் இருந்திருக்கும்.

பிக்கப் ஏன் துள்ளுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிக்கப்களுக்குப் பின்னால் லீஃப் ஸ்பிரிங்தான், நாம் சொல்லும் பட்டை. பாரம் ஏற்றினால் தாழ்ந்துபோகாமல் நிற்கவே அதைச் செய்கிறார்கள். பெட்டி காலியாக இருக்கும்போது அந்தப் பட்டைக்கு வளைய வேலையே இல்லை. குழியின் இடி நேராக சீட்டுக்கு வந்துவிடும். இது வண்டியின் குணம். ஆனால் குணத்துக்கு மேலே நாமே கூட்டிக்கொள்ளும் கஷ்டம் நிறைய இருக்கிறது.

முதலாவது டயர் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காலி வண்டிக்கு ஒரு அளவும், பாரத்துக்கு ஒரு அளவும் அதில் போட்டிருப்பார்கள். இந்தத் தோட்டக்காரர் லேட்டக்ஸ் பேரல் ஏற்றுவதற்காக என்றோ பின் டயரில் 50 அடித்திருந்தார். பிறகு குறைக்கவே இல்லை. டயர்தான் வண்டியின் முதல் ஸ்பிரிங். அதைக் கல்லாக்கிவிட்டு உள்ளே எதை மாற்றினாலும் பயனில்லை. காலையில், வண்டி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். செலவு ஒன்றும் கிடையாது. சேற்றிலோ மணலிலோ இறங்கக் காற்றைக் குறைப்பவர்கள், தார் ரோட்டில் வேகம் பிடிக்கும் முன் திரும்ப அடித்துவிட வேண்டும். குறைந்த காற்றில் நாகர்கோவில் வரை ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

இரண்டாவது, கூடுதல் பட்டை. நம் பக்கத்தில் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள், இந்தத் தோட்டக்காரரும் செய்திருந்தார். வண்டி தாழவில்லை என்று திருப்திப்படுகிறார்கள். பல பிக்கப்களில் பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. எல்.எஸ்.பி.வி. என்போம். சேஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை ஒரு கம்பி வழியாகத்தான் அது அறிகிறது. பட்டை சேர்த்து உயர்த்திவிட்டால், முழுப் பாரம் இருக்கும்போதும் வண்டி காலி என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கோதையாறு மலையிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது அதன் விலை தெரியும். ஆகவே பட்டையில் கை வைத்தால் அந்த வால்வையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். தோற்றத்துக்காக லிஃப்ட் கிட் போட்டு உயர்த்துபவர்களுக்கும் இதே கதைதான். கூடவே முன் ஆக்சில் ஜாயிண்ட்டின் கோணம் கூடி ரப்பர் உறை கிழியும், அலைன்மென்ட் போகும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

ஷாக் போய்விட்டதா என்று பார்க்க எல்லோரும் பம்பரை அழுத்திப் பார்ப்பார்கள். காருக்கு அது ஓரளவு சரி. பட்டை வண்டியில் ஏமாற்றிவிடும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே ஆட்டம் சீக்கிரம் நின்றுவிடும், ஷாக் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஷாக்கின் உடலில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். டயரின் மேல் கையால் தடவுங்கள், மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் சக்கரம் தரையைவிட்டுக் குதித்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

புஷ் ஊதியதற்குக் காரணம் கேட்டேன். துருப் பிடிக்காமல் இருக்கப் பழைய எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து அடியில் ஸ்பிரே அடிப்பாராம், வருடாவருடம். குளச்சல், முட்டம் பக்கம் மீன் ஏற்றுபவர்களும் இதைச் செய்கிறார்கள். உப்புத் தண்ணீர் சொட்டும் வண்டிக்கு ஏதாவது செய்துதானே ஆகவேண்டும் என்கிற அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் ரப்பர் மண்ணில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா? ஒரு துண்டு ரப்பர் ஷீட்டை மண்ணெண்ணெயில் போட்டுவைத்தால் மறுநாள் அது கொழகொழவென்று ஊதிக்கிடக்கும். புஷ்ஷுக்கும் ஹேங்கருக்கும் அதே கதிதான். உப்புக்கு நல்ல தண்ணீர்தான் மருந்து. ஓட்டம் முடிந்த அன்றே பட்டைகளுக்கு இடையிலும் சேஸ் மூலைகளிலும் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கென்று விற்கும் அண்டர்பாடி பூச்சை அடிக்கும்போதும் ரப்பரை மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

சைலன்சர் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று மட்டும் ஓடும் வண்டியில் குழாய் சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுவோம். தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும்.

புகை பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. டீசலில் பெட்ரோலைவிடக் குறைவாக வரும், ஆனால் வரும். ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். ஏ.சி.யை உள்காற்றிலேயே சுழலவிட்டால் உள்ளே புகுந்தது வெளியேறாது. அந்தப் பெண்குழந்தைக்கு வளைவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பெல்லோஸ் மாற்றிய பிறகு வாந்தி நின்றது, அப்பாவின் தலைவலியும் நின்றது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

குழாய் சரியாக இருந்தாலும், ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து புகை திரும்பி உள்ளிழுபடும். பின் கண்ணாடியை மட்டும் திறந்து வைக்காதீர்கள். தார்ப்பாயோ கூடோ போட்ட பெட்டியில் பிள்ளைகளைப் படுக்கவைத்துத் திற்பரப்புக்குக் கூட்டிப்போவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வண்டியில் புகை வாடை வந்தால் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, ஓரமாக நிறுத்தி, எல்லோரும் கீழே இறங்குங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் டி.பி.எஃப். என்னும் கரிவடிகட்டி இருக்கும். சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும், சுமார் 600 டிகிரியில். தோட்டப் பாதையில் முதல், இரண்டாம் கியரிலேயே ஓடினால் அந்தச் சூடு கிடைக்காமல் விளக்கு எரியும். அப்போது கையேட்டில் சொன்னபடி நல்ல ரோட்டில் நிற்காமல் ஓட்டினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெற்றுக்குழாய் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புகை, ஒலி அளவை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். லைசென்சும் 3 மாதம் போகும். அந்தக் கரி நம் பிள்ளைகளின் மூச்சில்தான் சேரும்.

மார்கழி, தையில் ரப்பர் இலை உதிரும்போது இன்னொரு ஆபத்து உண்டு. காய்ந்த இலை சைலன்சருக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவில் செருகிக்கொள்ளும். கரி எரியும் நேரத்தில் அதுவே பற்றும். மலையேறி வந்த சூட்டோடு சருகுக் குவியல்மேல் நிறுத்தாதீர்கள்.

அவர் வண்டியில் கூடுதல் பட்டையைக் கழற்றினோம். இரண்டு ஷாக், புஷ், ஹேங்கர், பெல்லோஸ் மாற்றினோம், காற்றைச் சரியாக்கினோம். சாஃப்ட் ஸ்பிரிங் தேவைப்படவில்லை.

எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடிக்கும் முன் உங்கள் வண்டியையும் ஒருமுறை மேலே ஏற்றிப் பார்த்துவிடுங்கள். மழை தொடங்கிவிட்டால் குழாயில் விழும் கரிக்கோட்டைத் தண்ணீர் கழுவிவிடும், விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.