ஊசி பயாப்சி: இழையா, நெசவா?

காதுக்குக் கீழே ஒரு கட்டி. வலி இல்லை, மெல்ல வளர்கிறது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு ‘ஊசி டெஸ்ட் எடுத்திடலாம்’ என்கிறார். சீட்டில் எழுதியிருப்பது எஃப்.என்.ஏ.சி., அதாவது மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை. வீட்டுக்கு வந்ததும் அது ‘பயாப்சி’ ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

பயாப்சி கிரேக்க வேர்களால் ஆன சொல். பயோஸ் என்றால் உயிர்வாழ்வு, ஆப்சிஸ் என்றால் பார்வை. 1879இல் எர்னெஸ்ட் பெஸ்னியே என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உயிரோடு இருப்பவரின் உடலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது என்பது கருத்து.

தமிழில் ‘திசு ஆய்வு’ என்கிறோம். ஆனால் திசு என்பதே டிஷ்யூவின் ஒலிபெயர்ப்புதான். இலங்கைப் பாடநூல்களில் அது இழையம். செல் அங்கே கலம். டிஷ்யூவின் மூலமான பழைய பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘நெய்தது’ என்று பொருள். இழையும் நெசவுச் சொல்தானே! அதனால் இழையம்தான் எனக்குப் பிடித்தது.

இந்த நெசவை வைத்தே வேறுபாட்டையும் சொல்லிவிடலாம். எஃப்.என்.ஏ.சி.யில் மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிக் கண்ணாடிச் சில்லில் பூசிப் பார்க்கிறார்கள். உதிரி நூல் கையில் இருக்கும். துணி எப்படி நெய்யப்பட்டது என்பது தெரியாது. கோர் பயாப்சியில் மரத்துப்போக மருந்து போட்டு, சற்றுத் தடித்த ஊசியால் மெல்லிய துண்டையே வெட்டி எடுக்கிறார்கள். அதில் நெசவும் தெரியும். எனவே முன்னதை ‘நுண்ணூசிக் கல ஆய்வு’ என்றும், பின்னதை ‘ஊசி இழைய ஆய்வு’ என்றும் பிரித்துச் சொல்வதே சரி.

உமிழ்நீர்ச் சுரப்பியில் இது ஏன் முக்கியம்? காதடியில் உள்ள பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியின் ஊடே, முகத்தை அசைக்கும் முகநரம்பு ஓடுகிறது. கட்டி சாதாரணமானதா புற்றா என்று முன்பே தெரிந்தால், எவ்வளவு வெட்டுவது, கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுப்பதா என்று திட்டமிடலாம். இங்கே அதிகம் வரும் பிளியோமார்ஃபிக் அடினோமா என்ற கட்டி புற்றல்ல. ஆனாலும் அதைக் கத்தியால் கீறித் துண்டெடுத்தால் உறை கிழிந்து செல்கள் சிதறி, பிறகு மறுபடி முளைக்கலாம். ஊசியை முதலில் நாடுவது அதனால்தான். ‘ஊசி பட்டால் பரவிவிடும்’ என்று பலர் பயப்படுகிறார்கள். மெல்லிய ஊசியால் அப்படி நேர்வது மிக அரிது.

அப்புறம், அறிக்கையில் ‘போதிய செல்கள் இல்லை’ என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ஊசி சரியான இடத்திலிருந்து எதையும் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். மறுபடி எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.