விண்டோஸை அழிக்கும் முன்: லினக்ஸில் கேம் ஆட நினைப்பவர்களுக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிட்டன. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸரும் இன்டெலில் 8-ஆம் தலைமுறையாகவோ ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையாகவோ, அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 6, 7-ஆம் தலைமுறைக் கணினிகளை வைத்திருப்பவர்கள் “லினக்ஸ் போட்டால் கேம் ஓடுமா?” என்று கேட்கத் தொடங்கியது இதனால்தான்.

ஓடும். 2018-இல் வால்வ் நிறுவனம் தன் கேம் கடையான ஸ்டீமுக்குள், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைக் கொண்டுவந்த பிறகு நிலைமை அடியோடு மாறிவிட்டது. ஆனால் எல்லா கேமும் ஓடாது, எல்லா கார்டிலும் ஓடாது. மாறிப் பார்த்துவிட்டு “லினக்ஸ் சரிப்படாது” என்று திரும்பியவர்களின் கணினிகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம்: ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்), பழைய கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் பார்ட்டிஷனிலேயே விட்டுவைத்த கேம் ஃபோல்டர். மூன்றையும் விண்டோஸை அழிக்கும் முன்பே சரிபார்த்துவிட முடியும்.

முதலில் கேம்களின் பட்டியல்

புரோட்டான் செய்வது என்ன என்று தெரிந்துகொண்டால், எது ஓடும் எது ஓடாது என்பது தானாகப் புரியும். அதன் அடித்தளம் 1993-இல் தொடங்கிய வைன். ஒரு விண்டோஸ் கேம் விண்டோஸிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதன் வேலை. டைரக்ட்எக்ஸ் 11 வரையிலான கிராபிக்ஸ் கட்டளைகளை டிஎக்ஸ்விகே என்ற பகுதி, லினக்ஸில் இயங்கும் கிராபிக்ஸ் முறையான வல்கனுக்கு மாற்றுகிறது. டைரக்ட்எக்ஸ் 12-க்கு விகேடி3டி-புரோட்டான் என்ற தனிப் பகுதி இருக்கிறது. இங்கே உண்மையான விண்டோஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையக் கரு) கிடையாது. அதனால் கெர்னலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் ஆன்டி-சீட்டுகளுக்கு உட்கார இடமே இல்லை.

வேலரன்ட், லீக் ஆஃப் லெஜன்ட்ஸ், ஃபோர்ட்நைட், அண்மைக்கால கால் ஆஃப் டியூட்டி, பேட்டில்ஃபீல்ட் 6, பப்ஜியின் கணினிப் பதிப்பு, ரெயின்போ சிக்ஸ் சீஜ் ஆகியவை லினக்ஸில் ஓடாததன் காரணம் ஆன்டி-சீட்தான். ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் முன்பு ஓடியது; 2024 அக்டோபர் இறுதியில் அதன் நிறுவனமே லினக்ஸைத் தடுத்துவிட்டது. ஜிடிஏ 5-இல் கதைப் பகுதியை ஆடலாம். 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட் சேர்க்கப்பட்டதிலிருந்து ஆன்லைன் பகுதி கிடையாது. மறுபக்கம் கவுன்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸுக்கென்றே வெளியாகின்றன. ஈசி ஆன்டி-சீட் பயன்படுத்தும் எல்டன் ரிங்கும் புரோட்டானில் ஓடுகிறது. ஈசி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021-லிருந்தே புரோட்டானை ஆதரிக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கேமிலும் அதை இயக்கிவிடும் முடிவு அந்தந்த கேம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆகவே “பேட்டில்ஐ இருந்தால் ஓடாது” என்றோ “ஓடும்” என்றோ பொதுவாகச் சொல்ல முடியாது. நீங்கள் ஆடும் ஒவ்வொரு கேமின் பெயரையும் புரோட்டான்டிபி தளத்தில் தேடி, கடைசி இரண்டு மூன்று மாதங்களில் பதிவான அனுபவங்களை மட்டும் படியுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய “பிளாட்டினம்” மதிப்பீடு ஒன்றுக்கும் உதவாது.

ஃப்ரீ ஃபயர் போன்ற மொபைல் கேம்களை ப்ளூஸ்டாக்ஸில் ஆடுபவர்களும் கவனிக்க வேண்டும்: ப்ளூஸ்டாக்ஸுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. வேலரன்ட்டை விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓட்டிவிடலாம் என்று காட்டும் வீடியோக்களை நம்பாதீர்கள். அந்த கேமின் ஆன்டி-சீட்டான வான்கார்ட் அதைக் கண்டுபிடித்துவிடும், கணக்கே முடக்கப்படலாம். தினமும் ஆடுவது இப்படி லினக்ஸில் ஓடாத கேம்களைத்தான் என்றால், லினக்ஸைத் தனி எஸ்எஸ்டியில் போட்டு விண்டோஸையும் வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக மாறச் சொல்லி யார் வற்புறுத்தினாலும் கேட்க வேண்டாம்.

கார்டு: இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்

2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம். என்விடியாவின் கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்குக் கிடைக்கும் கடைசி டிரைவர் 470 வரிசை; அது வல்கன் 1.2-ஓடு நின்றுவிடுகிறது. ஜிடிஎக்ஸ் 650, 660, 760 மட்டும் இந்தத் தலைமுறை இல்லை. இன்றைக்கும் கடைகளில் பெட்டி பிரிக்காமல் விற்கும் ஜிடி 710-உம், ஜிடி 730-இல் பெரும்பாலானவையும் இதே தலைமுறைதான். “4 ஜிபி கார்டு” என்று சொல்லி விற்பார்கள். எத்தனை ஜிபி இருந்தாலும் வல்கன் 1.3 வராது. அலுவலகங்களிலிருந்து செகண்ட்ஹேண்டில் வரும் 4-ஆம் தலைமுறை இன்டெல் கணினிகளின் உள் கிராபிக்ஸும் இதே நிலைதான்.

இந்தக் கார்டுகளில் என்ன நடக்கும்? ஸ்டீமில் பச்சை நிற ‘பிளே’ பொத்தானை அழுத்துவீர்கள். அது நீல நிற ‘ஸ்டாப்’ ஆக மாறும். நாலைந்து நொடியில் மறுபடி ‘பிளே’ ஆகிவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. கேம் கெட்டுவிட்டது என்று நினைத்து 60 ஜிபியை மறுபடி இறக்குபவர்கள் நிறையப் பேர். டவுன்லோடில் கோளாறே இருக்காது. கேமின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய் புரோட்டான் 7-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது பழைய டிஎக்ஸ்விகே என்பதால் பழைய டைரக்ட்எக்ஸ் 9, 11 கேம்கள் சில ஓடக்கூடும். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களை மறந்துவிடுங்கள்.

6-ஆம் தலைமுறை முதலான இன்டெல் உள் கிராபிக்ஸிலும், ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 400 வரிசை முதலும் இந்தத் தடை இல்லை. ஏஎம்டி கார்டுகளுக்கான டிரைவர் லினக்ஸோடு சேர்ந்தே வருவதால் தனியாக எதையும் போட வேண்டாம். லினக்ஸுக்கென்றே புதிதாகக் கார்டு வாங்குவதாக இருந்தால் எங்கள் பரிந்துரை ஏஎம்டிதான். ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும்: எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறமூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி முயன்றபோது எச்டிஎம்ஐ ஃபோரம் அனுமதி மறுத்துவிட்டது. 4கே 120 ஹெர்ட்ஸ் டிவியில் ஆடப் போகிறவர்கள் வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும். டிஸ்பிளேபோர்ட் உள்ள மானிட்டர்களுக்குப் பிரச்சினை இல்லை.

என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு 580 தான் கடைசி டிரைவர் வரிசை. 590 முதல் ஆதரவு இல்லை. ஜிடிஎக்ஸ் 1060 வைத்திருப்பவர் ஆர்ச் சார்ந்த டிஸ்ட்ரோவில் (டிஸ்ட்ரோ என்றால் லினக்ஸின் ஒரு வகைத் தொகுப்பு) யோசிக்காமல் அப்டேட் கொடுத்தால், அடுத்த முறை கறுப்புத் திரைதான் மிஞ்சும். ஜிடிஎக்ஸ் 1600, ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு இந்தக் கவலை வேண்டாம். ஆனால் டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸில் கிடைத்த ஃபிரேம்களைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்று எதிர்பார்த்து வாருங்கள்.

எந்த டிஸ்ட்ரோ?

இதில் நேரம் வீணாக்க வேண்டாம். படிப்பு, அலுவலக வேலை, கேம் எல்லாம் ஒரே கணினியில் என்றால் லினக்ஸ் மின்ட். கேம்தான் முதன்மை, கணினியும் புதிது என்றால் பஸைட். அதில் அப்டேட் ஏதாவது சொதப்பினால், பூட் ஆகும்போது வரும் மெனுவில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். நேற்றைய நிலை திரும்பிவிடும். பஸைட் இறக்கும்போது உங்கள் கார்டைக் கேட்கும். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குத் தனிக் கோப்பு, அதற்குப் பிந்தியவற்றுக்குத் தனிக் கோப்பு. மாற்றி இறக்கினால் டிரைவர் வேலை செய்யாது.

போடும்போது

மின்ட்டுக்கு 8 ஜிபி பென்டிரைவ் போதும். பஸைட்டுக்கு 16 ஜிபி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் விண்டோஸில் மூன்று வேலைகள். ஒன்று, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புக் குறியீடு. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பகுதி) எதையாவது மாற்றியதும் 48 இலக்கக் குறியீட்டைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அதை எடுத்து, தாளில் எழுதி வையுங்கள். இரண்டு, பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். மூன்று, கிளவுட் சேவ் இல்லாத கேம்களின் சேவ் கோப்புகளைத் தனியே நகலெடுங்கள்.

டெஸ்க்டாப்பில் இரண்டு எஸ்எஸ்டி இருந்தால், லினக்ஸ் போடும்போது விண்டோஸ் உள்ள எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிடுங்கள். மின்ட், உபுண்டு இன்ஸ்டாலர்கள் நீங்கள் வேறு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் இயங்குதளத்தைத் தொடங்கும் பூட்லோடரை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதிவிடுவது உண்டு. பிறகு ஏதாவது ஒரு டிஸ்க்கைக் கழற்றினால் இரண்டுமே தடுமாறும். லேப்டாப்பில் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பயாஸில் ஆர்எஸ்டி அல்லது ரெய்ட் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அதை ஏஎச்சிஐ-க்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு, பிறகு பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை நுழைந்து வெளியே வந்தால் சரியாகிவிடும்.

பென்டிரைவிலிருந்து பூட் செய்ததும் உடனே இன்ஸ்டால் கொடுக்காதீர்கள். வைஃபை, சத்தம், டச்பேட், திரை வெளிச்சம் எல்லாம் வேலை செய்கிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். வைஃபை வரவில்லையென்றால் ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். கூடுதல் டிரைவர் இல்லாமலேயே இணையம் வந்துவிடும்.

என்விடியா கார்டு, செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பயாஸ் வசதி) இரண்டும் சேர்ந்த இடம் தனியாகக் கவனிக்க வேண்டியது. மின்ட்டில் டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிறத் திரை ஒன்று சுமார் பத்து நொடி காத்திருக்கும். அந்தப் பத்து நொடிக்குள் ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் மோக்’, ‘கன்டினியூ’, ‘எஸ்’ என்று போய் அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். பஸைட்டில் அந்தக் கடவுச்சொல் ‘யுனிவர்சல்ப்ளூ’ என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி இல்லாமல் சிற்றெழுத்தில். வைரஸ் என்று பயந்து அந்தத் திரையைத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது. கேம் ஐந்தாறு ஃபிரேமில் நகரும். இதற்குப் பயந்து செக்யூர் பூட்டையே அணைத்துவிடவும் வேண்டாம். வேலரன்ட்டுக்காக விண்டோஸ் 11-ஐ வைத்திருப்பவர்களுக்கு அதை அணைத்ததும் அந்த கேம் திறக்காது.

பழைய கேம் ஃபோல்டரை என்ன செய்வது?

கேம்கள் ஏற்கெனவே டி டிரைவில் இருக்கின்றன, அதையே ஸ்டீமுக்குக் காட்டிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவப் பார்ட்டிஷன். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி சி டிரைவை உருவாக்குகிறது. அதில் முக்காற்புள்ளி உள்ள பெயர்களும் இணைப்புக் கோப்புகளும் இருக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் அவை தகராறு செய்யும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தாமல் விட்டிருந்தால் பார்ட்டிஷனில் எழுதவே முடியாது. அறிகுறி, மேலே சொன்ன அதே ‘பிளே’, ‘ஸ்டாப்’, ‘பிளே’.

மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டியதில்லை. லினக்ஸ் எஸ்எஸ்டியில் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வடிவப் பார்ட்டிஷனில் ஸ்டீம் லைப்ரரியை அமைத்து, விண்டோஸ் பக்கத்தில் ‘ஸ்டீம்ஆப்ஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘காமன்’ ஃபோல்டரிலிருந்து அந்த கேமின் ஃபோல்டரை மட்டும் புதிய லைப்ரரியின் அதே இடத்தில் ஒட்டுங்கள். பிறகு ஸ்டீமில் இன்ஸ்டால் கொடுங்கள். இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். 100 ஜிபி கேமுக்குச் சில நூறு எம்பியிலேயே வேலை முடிந்துவிடலாம். ஒன்று மட்டும்: லினக்ஸுக்கெனத் தனிப் பதிப்பு உள்ள கேம் என்றால் ஸ்டீம் அதைத்தான் இறக்க முயலும். கைவிடப்பட்ட பழைய லினக்ஸ் பதிப்புகளைவிடப் புரோட்டான் வழி ஓடும் விண்டோஸ் பதிப்பே பல கேம்களில் நன்றாக இருக்கிறது. முன்கூட்டியே கம்பாட்டிபிலிட்டியில் புரோட்டானைத் தேர்ந்துவிட்டால் நகலெடுத்தது வீணாகாது.

உபுண்டு போட்டவர்கள் ஸ்டீமை ஸ்னாப் வடிவில் நிறுவ வேண்டாம். ஸ்டீம் தளத்தில் கிடைக்கும் டெப் கோப்பை எடுங்கள். எபிக், ஜிஓஜி கணக்குகளுக்கு ஹீரோயிக் லாஞ்சர் இருக்கிறது.

ஆடத் தொடங்கிய பிறகு

முதல் முறை திறக்கும்போது ‘வல்கன் ஷேடர்களைச் செயலாக்குகிறது’ என்று ஒரு பட்டை மெல்ல நகரும். பழைய நான்கு கோர் பிராசஸரில் பெரிய கேமுக்கு நீண்ட நேரம் பிடிக்கும். ‘ஸ்கிப்’ அழுத்தத் தோன்றும். அழுத்தினால் அந்த வேலை ஆட்டத்தின் நடுவே நடந்து, புதிய இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் படம் விக்கும். காத்திருங்கள்.

இன்டெலும் என்விடியாவும் சேர்ந்த லேப்டாப்பில் கேம் மந்தமாக இருந்தால், அது உள் கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். மேங்கோஹட் என்ற கருவியைப் போட்டால் திரை ஓரத்தில் கார்டின் பெயர், பயன்பாட்டு விழுக்காடு, சூடு எல்லாம் தெரியும். என்விடியா பெயர் வராவிட்டால் மின்ட்டில் என்விடியா செட்டிங்ஸில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலைக்கு மாற்றிவிட்டு, லாகவுட் செய்து உள்ளே வாருங்கள்.

இரண்டு இயங்குதளமும் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸில் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. நேரம் தவறினால் கேம் லாஞ்சர்களில் லாகின் ஆகாமல் போகலாம். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சிமோஸ் செல்லை மாற்ற வேண்டாம். லினக்ஸை உள்ளூர் நேரம் எழுதும்படி அமைத்தால் முடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேம் திறக்கவில்லையென்றால் டெர்மினலில் ஸ்டீம் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டி அங்கிருந்து அதைத் திறங்கள். கேம் மூடும் நொடியில் வரும் கடைசி இருபது முப்பது வரிகளை நகலெடுங்கள். உதவி கேட்கும்போது அந்த வரிகளோடு கார்டின் பெயர், டிரைவர் எண், புரோட்டான் பதிப்பு, கேம் இருக்கும் பார்ட்டிஷன் வகை நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். “கேம் ஓடவில்லை” என்று மட்டும் எழுதினால் உதவ வருபவர் முதலில் கேட்கப் போவதும் இவற்றைத்தான்.